சுளை போன பிறகு

சித்திரை, வைகாசி மாதங்களில் குறிஞ்சிப்பாடியில் எந்தத் தெருவில் நடந்தாலும் பலாப்பழ வாசனை கூடவே வரும். திண்ணையில் கோணிச்சாக்கை விரித்து, கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை நீளவாக்கில் பிளப்பார்கள். வெள்ளைப் பால் கசியும். அதைக் காகிதத்தால் துடைத்துவிட்டு நடுத்தண்டை அரிந்தெடுத்தால் சுளைகள் தெரியும். ஒவ்வொன்றாக நெம்பியெடுத்து, கொட்டையைப் பிதுக்கித் தள்ளிவிட்டுத் தட்டில் போடுவார்கள். தட்டு நிறைந்ததும் வேலை முடிந்தது. சாக்கில் மிஞ்சியிருப்பது முள்தோல், தண்டு, சுளைகளுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கும் மஞ்சள் சடை, வழுவழுப்பான கொட்டைகள். பத்துக் கிலோ பழத்தில் தட்டுக்குப் போனது மூன்று, நான்கு கிலோ இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் குப்பைமேட்டுக்கும் போகும்.

தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்காவது சர்க்கரை இருக்கும். "அப்பா, உங்களுக்கு ரெண்டு சுளை போதும்" என்று மகள் சொல்வாள். அவரும் ஆசையை அடக்கிக்கொண்டு எழுந்துபோவார். மகள் சொன்னது தப்பில்லை. பழுத்த சுளை 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம் சர்க்கரை இருக்கிறது. நார் ஒன்றரை கிராம்தான். ஆனால் அன்று ராத்திரி அதே வீட்டில் அவர் இலையில் மூன்று கரண்டி வெள்ளைச் சோறு விழும். அதை யாரும் எண்ணுவதில்லை. அவருக்கு உண்மையிலேயே உதவக்கூடிய பகுதியோ திண்ணையோரச் சாக்கில் ஈ மொய்த்துக் கிடக்கும்.

குறிஞ்சிப்பாடி இரண்டு மண்ணின் எல்லையில் இருக்கும் ஊர். கிழக்கே பெருமாள் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்து வெளியேற்றும் நீர் பரவனாறு வழியாக அந்த ஏரிக்குத்தான் வந்து சேர்கிறது. வடக்கிலும் மேற்கிலும் செம்மண் மேடு. வடலூரையும் நெய்வேலியையும் தாண்டிப் பண்ணுருட்டி வரைக்கும் பலாவும் முந்திரியும்தான். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் அந்த மரங்களில் பெரும்பகுதியை ஒரே காலையில் வேரோடு சாய்த்தது. தாத்தா காலத்து மரங்களை இழந்தவர்கள் ஒட்டுக்கன்று வாங்கி நட்டு, காய்ப்புக்கு வரும் வரை காத்திருந்து மீண்டும் தோப்பாக்கியிருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வளர்த்த மரத்தின் கனியில் பாதிக்கு மேல் நாம் தூக்கி எறிகிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு கோடையிலும் உறுத்தும் விஷயம்.

நோயின் அளவையும் பார்த்துவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். நமக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக அந்த ஆய்வு கண்டது; நாட்டின் சராசரியோ 11.4 விழுக்காடு. அதே நிறுவனம் சென்னையில் முன்பு செய்த ஆய்வுகளில், தீட்டிய அரிசி முதலான தானியங்களை அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் நீரிழிவு அதிகமாக இருப்பது தெரிந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அது பெரிய காரியம். ஆனால் மாத்திரை கொண்டுவருபவர் திரும்பிப் போன பிறகு இலையில் என்ன விழுகிறது என்பதில் பாதி நோய் இருக்கிறது.

பழக்கழிவு நீரிழிவுக்கு உதவும் என்ற பேச்சைக் கேட்டதும் பலருக்கு வெறும் வயிற்றில் விழுங்கும் பொடியும் கஷாயமும்தான் நினைவுக்கு வரும். நான் பார்த்தவரை, இதில் ஆய்வு உறுதியாகச் சொல்வது வேறு. கழிவு என்று நாம் தள்ளும் பகுதி, சோற்றுக்குப் பதிலாக இலையில் இடம் பிடிக்கும்போதுதான் வேலை செய்கிறது. மூன்று கரண்டிச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, கூடவே ஒரு கரண்டி பொடியையும் போட்டுக்கொண்டால் பெரிதாக எதுவும் மாறாது. 'கூடவே' என்பதற்கும் 'பதிலாக' என்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், கடைகளிலும் கைபேசியிலும் வரும் முக்கால்வாசி விளம்பரங்களை நாமே எடைபோட்டுவிடலாம்.

பழக்கழிவுக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. 1976இல் இங்கிலாந்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய சகாக்களும் நீரிழிவு உள்ள சிலருக்குக் காலை உணவோடு 16 கிராம் குவார் பிசினும் 10 கிராம் பெக்டினும் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை நன்றாகத் தணிந்தது. குவார் பிசின் என்பது நம் கொத்தவரை விதையிலிருந்து வருவது. பெக்டினைத் தொழிற்சாலைகள் எடுப்பது ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்தும், சாறு பிழிந்த ஆப்பிள் சக்கையிலிருந்தும். ஆக, ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எப்படி ஏற்றுகிறது என்று காட்டும், இன்று உலகம் பேசும் 'கிளைசீமிக் குறியீடு' என்ற அளவுகோலை 1981இல் உருவாக்கிய அதே ஜென்கின்ஸ், அதற்கு முன்பே கையில் எடுத்தது சாறு ஆலையின் குப்பையைத்தான்.

அது எப்படி வேலை செய்கிறது? பெக்டின் போன்ற கரையும் நார் தண்ணீரை உறிஞ்சிக் குழகுழவென்று கூழாகிறது. இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்குகிறது. சிறுகுடலில் மாவுச்சத்து அந்தக் கூழுக்குள் சிக்கி, நொதிகளின் கைக்கு உடனே எட்டாமல் நிற்கிறது. சர்க்கரை ஒரே வீச்சில் ரத்தத்துக்குப் பாயாமல் கசிந்து கசிந்து போகிறது. 1978இல் அதே குழுவினர் குவாரின் குழகுழப்பைச் சிதைத்துவிட்டுக் கொடுத்துப் பார்த்தபோது பலன் போய்விட்டது. நார் என்று பெயர் இருந்தால் போதாது, அதன் தன்மை கெடாமல் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சோதனை காட்டியது. வடிகட்டிய பழச்சாற்றைச் சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். தடுத்து நிறுத்தும் பகுதியை வடிகட்டியில் விட்டுவிட்டு, ஏற்றும் பகுதியை மட்டும் டம்ளரில் ஊற்றுகிறோம்.

பலாவுக்கு வருவோம். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்த ஒரு சோதனை 2021இல் வெளியானது. மாத்திரை சாப்பிடும் 40 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 30 கிராம் அரிசி அல்லது கோதுமை மாவை விட்டுவிட்டு, அதே அளவு பச்சைப் பலாக்காய் மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு பிரிவுக்குப் பார்வைக்கு அதே போன்ற வேறு மாவு. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 12 வாரம் கழித்து, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு பலாக்காய் மாவு சாப்பிட்டவர்களிடம் கூடுதலாகக் குறைந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பின் சர்க்கரையும் அப்படியே. குறைவு சுமார் கால் சதவீதம். மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அது பெரிதல்ல. இரண்டு இட்லி மாவளவு மாற்றத்துக்கு அது சிறிதும் அல்ல. சோதனை சிறியது என்பதையும், சோதிக்கப்பட்ட மாவு கேரளத்தின் ஜேம்ஸ் ஜோசப் தொடங்கிய ஜாக்ஃப்ரூட்365 நிறுவனம் விற்பது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். எனக்கு அதில் பிடித்தது சோதனையை அமைத்த விதம். 30 கிராம் உள்ளே வந்தால் 30 கிராம் வெளியே போயாக வேண்டும்.

பச்சைக் காய் எப்படிக் கழிவாகும் என்று கேட்கலாம். நம் தோப்புகளில் காற்றுக்கு உதிர்வதும், ஒரு கொம்பில் நெருக்கமாகக் காய்த்ததென்று கழித்துப் போடுவதும், வைகாசியில் விலை சரிந்து வெட்டுக்கூலிக்கும் கட்டாமல் மரத்திலேயே பழுத்து வெடிப்பதும் எவ்வளவு என்று தோப்புக்காரர்களைக் கேளுங்கள். முற்றிய காயில் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறியிருக்காது. பத்துப் பதினைந்து நாள் முந்தினால் அது ஒரு காய்கறி, பிந்தினால் இனிப்பு.

ஆனால் ஒரு வீட்டுக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது கொட்டைதான். பலாக்கொட்டையை நாம் சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் போட்டிருக்கிறோம். அடுப்புச் சாம்பலில் சுட்டுத் தின்றிருக்கிறோம். எங்கள் வீட்டில் மண்பானையில் மணலைப் போட்டு அதில் கொட்டையைப் புதைத்து வைப்பார்கள், ஆடி ஆவணி வரைக்கும் கெடாது. எரிவாயு அடுப்பு வந்தபோது சாம்பல் போயிற்று. கூடவே பழக்கமும் போயிற்று.

இந்தக் கொட்டையின் மதிப்பை இலங்கையில் அளந்திருக்கிறார்கள். அங்கே பலா ஒரு வேளைச் சாப்பாடு. வேகவைத்த சுளையும் கொட்டையும் சேர்ந்த அந்த உணவைச் சாப்பிடக் கொடுத்து ரத்தச் சர்க்கரையை அளந்த ஆய்வு ஒன்று 2011இல் சிலோன் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு வரிசையில் அதைச் சேர்த்த ஆய்வாளர்கள், நாரோடு கூட இன்னொரு காரணத்தையும் காட்டினார்கள். வெந்த பிறகும் கொட்டைக்குள் சில மாவுமணிகள் குலையாமல் முழுசாகவே நிற்கின்றன. சோற்றில் மாவுமணி வெடித்துக் குழைந்துவிடுகிறது, நொதி உடனே பாய்ந்து சர்க்கரையாக்கிவிடுகிறது. கொட்டையின் இறுகிய சதைக்குள் அது அவ்வளவு சுலபமில்லை. செரிக்காமல் தப்பிய மாவு பெருங்குடலுக்குப் போய் அங்கேயுள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அவை வெளியிடும் சிறு கொழுப்பமிலங்கள் குடலுக்கும் நல்லது, இன்சுலின் வேலைக்கும் நல்லது. வேகவைத்து ஆறவைத்தால் இப்படிச் செரிக்காத மாவு இன்னும் கொஞ்சம் கூடும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். மேலேயுள்ள வெள்ளைத் தோலை உரித்துவிட வேண்டும், அது வேகாது. அடுத்துள்ள பழுப்புத் தோலைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்கத் தேவையில்லை, அதில் நார் இருக்கிறது. பச்சையாகத் தின்னக் கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் பச்சைக் கொட்டையில் உண்டு, வெந்தால் போய்விடும். உப்புப் போட்டு இருபது நிமிடம் வேகவைத்து, ஆறவிட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துத் தேங்காய் கொஞ்சமாகத் தூவினால் போதும். பத்துக் கொட்டை ஐம்பது, அறுபது கிராம் எடை வரும். அதில் உள்ள மாவுச்சத்து ஏறத்தாழ ஒரு கரண்டிச் சோற்றில் இருப்பது. ஆகவே பத்துக் கொட்டை இலைக்கு வந்தால் ஒரு கரண்டிச் சோறு இலையைவிட்டுப் போக வேண்டும். மாவு ஒரே அளவு; இறங்கும் வேகம் வேறு. சோற்றில் இல்லாத நாரும் கூடுதல் புரதமும் அதோடு வருகின்றன.

சடையும் நடுத்தண்டும் பெக்டின் நிறைந்தவை. பலாச் சக்கையிலிருந்து பெக்டின் பிரிப்பதைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. அது ஆலைக்குரிய வேலை. வீட்டில் செய்யக்கூடியது, காய்ப் பருவத்துச் சடையையும் தண்டையும் தூக்கி எறியாமல் கூட்டிலும் பொரியலிலும் சேர்ப்பது. பழுத்த பழத்தின் சடையில் இனிப்பு ஏறியிருக்கும், நோயாளிக்கு அது வேண்டாம். முள்தோல் மாட்டுக்கே போகட்டும்.

முந்திரிப்பழத்தின் கதை வேறு. கொட்டையைவிட ஆறேழு மடங்கு எடையுள்ள பழத்தைத் தோப்பிலேயே திருகிப் போட்டுவிட்டுக் கொட்டையை மட்டும் பொறுக்கி வருகிறோம். பங்குனி, சித்திரையில் முந்திரிக்காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரியும். ஆரஞ்சைப் போல நான்கைந்து மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் மண்ணில் அழுகும் வாடை அது. கோவாவில் அதிலிருந்து ஃபெனி காய்ச்சுகிறார்கள். பிரேசிலின் வடகிழக்கில் சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் நார்ச்சக்கையை வதக்கி, மசாலா சேர்த்து, இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கிறார்கள். நமக்குப் பாடம் அந்தச் சக்கையில் இருக்கிறது, சாற்றில் இல்லை. சாற்றில் பத்து விழுக்காடு அளவுக்குச் சர்க்கரை உண்டு. 'இயற்கை பானம்' என்று பெயர் வைத்தாலும் ரத்தத்துக்கு அது சர்க்கரைதான். துவர்ப்பைப் போக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த சக்கையைத் துவையலாகவோ வதக்கலாகவோ செய்து பார்க்க இந்தப் பக்கத்துச் சமையற்கட்டுகளுக்குக் கைப்பக்குவம் இல்லையா என்ன!

மாந்தோலில் நல்ல வேலை நடந்திருப்பது மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில். உலர்த்திப் பொடித்த தோலில் பாதிக்கு மேல் நார் என்று கண்டு, அதை பிஸ்கட் மாவில் கலந்து பார்த்தார்கள். பத்து விழுக்காடு வரைக்கும் சுவை ஏற்கும்படி இருந்தது, அதற்கு மேல் கசப்பு. ஆனால் தோல் என்பது மருந்தடிப்பு விழும் இடம். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பதை உணவுப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருந்தும் சந்தையில் அது ஓயவில்லை. சொந்த மரத்துக் காய் என்றால் தோலைப் பயன்படுத்தலாம். கடையில் வாங்கிய பழத்தின் தோலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி, எல்லோரும் கேட்கும் நாவல் கொட்டை. நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சர்க்கரைக்கு என்றால் முதலில் எடுத்துத் தருவது நாவல் கொட்டைப் பொடிதான். எலிகளிடம் செய்த சோதனைகளில் அது சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. மனிதர்களிடம் ஒழுங்காகச் செய்த சோதனைகள் மிகக் குறைவு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்து ஆய்வாளர்கள் நாவல் இலைத் தேநீரை நோயாளிகளுக்குக் கொடுத்து 2004இல் வெளியிட்ட முடிவு, பலன் ஏதும் இல்லை என்பது. அது இலை, நம்முடையது கொட்டை. ஆகவே அதைக்கொண்டு இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மருந்து மாத்திரையை விட்டுவிட்டு இதை நம்பி இருக்கலாம் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் ஃபுளோரிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிறது என்பதை 1886இல் வோன் மெரிங் காட்டினார். ஆனால் அதை அப்படியே விழுங்கினால் குடலில் சரியாக ஏறாது, வயிற்றையும் கலக்கும். அதைச் செதுக்கிச் செதுக்கி டபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரையாக ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது 2012இல். பட்டையிலிருந்து மாத்திரைக்கு வர 177 ஆண்டு ஆயிற்று. இன்னொரு பக்கம் பீகாரின் முசாஃபர்பூர். 2014இல் அங்கே குழந்தைகள் கொத்தாக இறந்ததை ஆராய்ந்தபோது, ராத்திரி சாப்பிடாமல் லிச்சிப் பழத்தை, அதிலும் பழுக்காததை, அதிகம் தின்றது காரணமாகத் தெரிந்தது. லிச்சியில் உள்ள ஒரு நஞ்சு, உடம்பு சர்க்கரை உண்டாக்குவதையே தடுத்துவிடுகிறது. 'சர்க்கரையைக் குறைக்கும்' என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு எதையும் வாயில் போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேதனையான சாட்சி வேண்டாம்.

பலாவிலும் இரண்டு எச்சரிக்கை உண்டு. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஆகாது. பலாவில் 100 கிராமுக்கு 450 மில்லிகிராமுக்கு அருகில் அது இருக்கிறது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கொட்டையையும் தொடக் கூடாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அவர்கள் ஒரு வாரத்துக்கு ஒரு கரண்டி என்று மெல்லத்தான் போக வேண்டும். பழக்கமில்லாத வயிறு முதல் சில நாள் உப்பும். அது பயப்பட வேண்டியதல்ல.

இந்த மாவட்டத்தில் செய்யக்கூடிய ஒன்று மனத்தில் இருக்கிறது. பாலூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பணிக்கன்குப்பத்தில் கண்டெடுத்த மரத்திலிருந்து பாலூர் 1 பலா ரகத்தை 1992இல் வெளியிட்டது அதுதான். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் இருக்கிறது, பக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி. வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள், சித்திரையில் எச்.பி.ஏ.1.சி. எடுத்துவிட்டு, மாத்திரையோடு 'ஒரு கரண்டி சோற்றுக்குப் பத்துக் கொட்டை' என்ற சொல்லையும் கொண்டுபோய்ச் சேர்த்து, ஆடியில் மறுபடி எடுத்துப் பார்த்தால் போதும். ஸ்ரீகாகுளத்தில் மாவுக்கு நடந்தது குறிஞ்சிப்பாடியில் கொட்டைக்கு நடக்க வேண்டும். நெடுஞ்சாலையோரம் சுளை விற்கும் பெண்களிடம் குவியும் கொட்டைக்கு ஒரு விலை பிறந்தால், நாள் முழுக்க வெயிலில் பழம் அறுக்கும் கைகளுக்கும் நாலு காசு கூடும்.

அதற்கு முன் ஒரு வீட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம். குளுக்கோமீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஒரு நாள் மதியம் வழக்கம்போல் மூன்று கரண்டிச் சோறும் சாம்பாரும் சாப்பிட்டு, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரல் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். மறுநாள் அதே சாம்பார், அதே மாத்திரை, அதே நேரம். சோறு இரண்டு கரண்டி, ஆறவைத்துத் தாளித்த பலாக்கொட்டை பத்து. மறுபடி இரண்டு மணி நேரம் கழித்து எழுதி வையுங்கள். மூன்று நான்கு முறை மாற்றி மாற்றிச் செய்த பிறகு அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.